ஆறு 'ஏ', ஒரு 'சி'

மூன்றாவது தட்டு இறைச்சியையும் முடித்து, விரல்களைத் துடைத்துக்கொண்டு, கோல்பியின் ரிப்போர்ட் கார்டைக் கையில் எடுத்தார் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் கோச் டூலி. ஆங்கிலம் ஏ. கணிதம் ஏ. வேதியியல் ஏ. அவருடைய புருவம் தொப்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"வர்ஜில், நிஜமாவே இது உங்க பையனோட மார்க்கா?"

"என் ரத்தம், கோச்!" என்றார் வர்ஜில் டாக்கெட். "பகல்ல முட்டுவான், ராத்திரி படிப்பான்."

சோபாவின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டிருந்த கோல்பி தலையைக் குனிந்துகொண்டான். எடை முந்நூற்றுப் பத்து பவுண்டு. போன சீசனில் எதிரணிக்காரர்கள் மூன்று பேரை ஆம்புலன்ஸில் ஏற்றியவன்.

"எடையுள்ள பசங்களுக்குப் பஞ்சமே இல்ல," என்றார் டூலி. "எங்க கல்லூரிக்குப் புதுசா வந்த தலைவரம்மாதான் தலைவலி. இந்த வருஷம் ஃபுட்பாலுக்கு நான் சேர்க்கிறவங்க சராசரி, நாலுக்கு ரெண்டரைக்குக் கீழ போனா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்களாம். இருபத்திமூணு பேரைப் பிடிச்சு, முக்கி முனகி ரெண்டரையில நிறுத்தியிருக்கேன். இன்னும் ரெண்டு இடம் பாக்கி. தடுப்பு வரிசைக்கு ஒண்ணு, பந்தை உதைக்க ஒண்ணு."

வர்ஜிலுக்கு வியர்த்தது. இந்த ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் கோல்பி அவருடைய டயர் கடைக்குத்தான் வரவேண்டும். விடுமுறையில் வந்த நான்கு நாளிலேயே இரண்டு ஜாக்கிகளை உடைத்தவன் அவன்.

"தடுப்புக்குத்தான் இதோ மலை மாதிரி உட்கார்ந்திருக்கானே! கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க."

கோல்பியின் இரட்டைச் சகோதரி ஜூனி, இரண்டு கைகளிலும் சோளரொட்டித் தட்டுகளோடு சமையலறையிலிருந்து வந்தாள். திரும்பிப் பார்க்காமலே காலைப் பின்னால் வீசிக் கதவை ஓர் உதை விட்டாள். சுவரில் மாட்டியிருந்த மான் தலை கோணிக்கொண்டது.

டூலி ரிப்போர்ட் கார்டின் கடைசி வரிக்கு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"உடற்பயிற்சி... சி?"

வர்ஜில் கார்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்; டூலி கொடுக்கவில்லை.

"'ஓடச் சொன்னால் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது வழக்கம்'னு எழுதியிருக்காங்க. ஏம்ப்பா வர்ஜில், ஒக்லஹோமா மாநிலத்தையே முட்டித் தள்ளுறவனுக்கு மத்ததெல்லாம் ஏ, உடற்பயிற்சியில மட்டும் 'சி'யா?"

பெயர் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். ஒயிட்னர் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் 'ஜூனி டாக்கெட்' என்று இருந்தது.

"அட, என்னோடது!" என்று கத்தினாள் ஜூனி. "ரெண்டு நாளா வீடு பூரா தேடறேன்!"

"கடைசி வரி வரைக்கும் எந்தக் கோச் படிக்கிறார்?" என்று முணுமுணுத்தார் வர்ஜில்.

டூலி கோல்பியிடம் திரும்பினார். "டேய், உன் நிஜ மார்க் எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி மூணு, கோச்," என்றான் கோல்பி, சற்றே பெருமையுடன். "போன வருஷத்துக்கு இது தேவலை."

டூலி எழுந்தார். "சாப்பாட்டுக்கு நன்றி, வர்ஜில். இவனைச் சேர்த்தா, அடுத்த வாரம் நானே உங்க கடையில டயர் மாட்டிட்டிருப்பேன்."

"கோச், ஒரே ஒரு நிமிஷம்..."

"விடுங்கப்பா," என்றாள் ஜூனி, தட்டுகளை மேசையில் நங்கென்று வைத்து. "மூணு புள்ளி ஏழு வாங்கி வெச்சிருக்கேன். அதுக்காக ஒரு கல்லூரியிலேர்ந்தும் ஒரு ஆளும் வீடு தேடி வந்து மூணு தட்டு தின்னதில்ல. இவன் முட்டுறான்னு மட்டும் வரிசையா வர்றாங்க."

வாசல்வரை போன டூலி நின்றார். மான் தலை இன்னும் கோணலாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவின் அடிப்பாகத்தில் பதிந்திருந்த காலடித் தடத்தைப் பார்த்தார்.

மெல்லத் திரும்பி வந்து, ஒரு நாப்கினை இழுத்து, பேனாவால் இரண்டு எண்களைக் கூட்டி, இரண்டால் வகுத்தார். விடையைப் பார்த்து அவருடைய உதடுகள் அசைந்தன. "ரெண்டரை. இம்மி பிசகல."

"என்ன கோச் கணக்கு?" என்றார் வர்ஜில் பரிதாபமாக.

டூலி தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, மேசையின் மறுபக்கம் பார்த்துக் குழைந்தார்.

"இப்ப வந்திருக்கேன், பாப்பா. உன் ஷூ சைஸ் என்ன?"