தெருவைப் பார்க்கும் கம்ப்யூட்டர்

தண்டையார்பேட்டையில் அபினின் செல்போன் கடை. ஜஸீமாவின் பழைய போனும் புதுப் போனும் ஆளுக்கொரு ஒயரில் கம்ப்யூட்டரோடு கிடக்கின்றன. கம்ப்யூட்டர் திரையோ தெருவைப் பார்த்தபடி பளபளக்கிறது. பழைய போனின் படங்களைப் புதுசுக்கு மொத்தமாக மாற்றிவிட்டால் ஆகாதா? அபினோ பெரிய துரை மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பரிசோதிக்கிறான்! மருதாணிக் கை, பிரியாணி அண்டா, நைட்டியில் சிரிக்கும் ஜஸீமாவின் அக்கா, முக்காடில்லாத ஜஸீமா. ரீசார்ஜுக்கு வந்த கூட்டம் காசோடு கழுத்தையும் நீட்டுகிறது. அடுத்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் உதைக்கிற ஊர்தான் இது. “இன்னாபா, என் வூட்டு போட்டோவ ஊருக்கே காட்டிகினு கீற?” ஜஸீமா கேட்கிறாள். “காப்பி ஆவுதான்னு பாக்கணும்ல அக்கா?” “அதான் பச்சைக் கோடு ஓடுதே, போட்டோவ மூடு.” அபின் சிரிக்கிறான், அடுத்த படத்தையும் திறக்கிறான். ஜஸீமா தன் கட்டைப்பையை மேசைமேல் கவிழ்க்கிறாள். தக்காளி நாலாபக்கமும் உருள்கிறது. காலிப் பையைத் திரையின் தலைவழியே கழுத்துவரை மாட்டி இழுத்துவிடுகிறாள். “இப்ப பாருங்க நைனா, நல்லா பாருங்க!” யாரும் நகரவில்லை. பையில் அச்சடித்திருக்கும் யாரோ கல்யாண ஜோடியின் பெயரைக் கூட்டம் மும்முரமாகப் படிக்கிறது.