நீல டப்பா

எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் குழாயில் இரண்டு கோடுகள். மேல் கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தை அழுத்த வேண்டும். கீழ்க் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். நல்ல எஞ்சின் ஆயில் நூறு டிகிரிச் சூட்டிலும் நிதானமாகத்தான் இறங்கும்.

இது ஓடியது.

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

மேசையில் ஐந்து புட்டிகள். ஐந்திலும் எண் மட்டும். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது சோதிக்கிறவருக்குத் தெரியக் கூடாது. எந்தக் கம்பெனியையும் சாராத இந்தச் சோதனைக்கூடத்தின் முறை அது. கடைகளில் போய் வாங்குவது, டப்பாவிலிருந்து புட்டிக்கு மாற்றுவது, எண் ஒட்டுவது எல்லாம் ஸ்டெல்லா அக்கா. எண்ணெயைப் பார்ப்பது அவள்.

இன்று காலை அவளே இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் கொஞ்சம் ஆயில் கொண்டுவந்திருந்தாள். அதையும் வேறு புட்டிக்கு மாற்றி, எண் போட்டு, மற்றவற்றோடு வைத்துவிடச் சொன்னாள். தன் கை தன் பக்கமே சாய்ந்துவிடக் கூடாது.

நான்கு நன்றாக இருந்தன. ஒன்றுதான் ஓடியது.

"அக்கா, மூணாம் நம்பர் யாருது?"

ஸ்டெல்லா அக்கா எண் குறித்த நோட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"உன்னுதுதான் கண்ணு. எவன் வாங்குனான் இதை?"

"நாந்தான்."

*

ஆயுத பூஜைக்கு வாங்கியது. கணவனின் லோடு ஆட்டோவுக்கு.

சீல் உடையாத நீல டப்பா. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வண்டிச் சாவியோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவன் அதைத் தூக்கிப் பிடித்து ஸ்டாண்டுக்காரர்களிடம் காட்டினான். "எங்கூட்டுல ஆயில் டாக்டரே இருக்குது. இனி நமக்கென்ன?"

எத்தனையோ போலிகளைப் பிடித்தவள். ஆனால் அவை வந்த டப்பா ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை. மூடி எப்படி இருக்கும், அச்சு எங்கே மங்கும் என்பதெல்லாம் ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியும். அவளிடம் வரும்போது அது வெறும் எண்.

தை பிறந்த சமயம். பொள்ளாச்சி ரோட்டில், தேங்காய் லோடோடு, எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுபோனது.

பட்டறையில் மெக்கானிக் ஆயிலை வடித்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். "எங்கீங்க வாங்குனீங்க இதை?"

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவன் முதலில் அவளைப் பார்த்தான். பிறகுதான் மெக்கானிக்கை.

"மாத்தவே இல்லீங்க. பழசேதான். மறந்துட்டேன்."

தேங்காய் மண்டிக்காரர் லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆயில் மாற்ற மறக்கிறவனை நம்பிச் சரக்கு ஏற்ற முடியாது என்றார். வண்டி சரியான பிறகும் கூப்பிடவில்லை. ஸ்டாண்டில் அதுவே பேச்சு. வீட்டில் அவளும் விடவில்லை.

"சனிக்கிழமையானா உங்க தலைக்கு எண்ணெய் மறக்கறதில்ல. சோறு போடற வண்டிக்கு மட்டும் மறந்துருச்சு."

ஆமாம் என்றான். தலையைச் சொறிந்துகொண்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான்.

நேற்று, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் பாசி சுரண்டப் போனபோது, சாக்குக்கு அடியில் நீல டப்பா இருந்தது. குங்குமம் கலையவில்லை. அவள் விரல் வைத்த இடத்தில் அப்படியே.

தூக்கினாள்.

கனமே இல்லை.

சீல் பிரிந்திருந்தது. அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத்தான் மிச்சம்.

அவன் மறக்கவில்லை.

*

சனிக்கிழமை காலை. குழாயடியில் பலகை போட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தில் நல்லெண்ணெய், இரண்டு மிளகு போட்டு இளஞ்சூடாக.

அவள் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

குங்குமத்தைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான்.

"சீல் நல்லாத்தான் இருந்துச்சு, அம்மிணி. நானும் பாத்துட்டுத்தானே ஊத்துனேன்."

அவள் கிண்ணத்தை எடுத்தாள்.

"குளிச்சுட்டுக் கிளம்புங்க. மண்டி வரைக்கும் போயிட்டு வந்தரலாம். இதையும் எடுத்துக்கலாம்."

"நீ எதுக்கு அங்கெல்லாம்?" அவன் டப்பாவைப் பலகைக்கு அடியில் தள்ளப் பார்த்தான். "ஆயில் பாக்கற புள்ளையே ஏமாந்துருச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் உச்சியில் எண்ணெயை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டான்.

எண்ணெய் உச்சியிலிருந்து காதோரம் வந்தது. அங்கிருந்து கழுத்துக்கு. பழக்கத்தில் அவள் கண் அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

நிதானமாக இறங்கியது.