ஆலை வாசலில் பதினோரு வண்டிகள்

"மாட்டு வண்டியெல்லாம் ஓரம். லாரி போன பிறகுதான்."

ஆலை சூப்பர்வைசர் விடிந்ததும் சொன்னது. இப்போது உச்சி வெயில்.

பதினோரு கரும்பு வண்டிகள் மதிலோரம் நின்றன. முதல் வண்டி அவளுடையது. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். அது சூப்பர்வைசருக்கும் தெரியும்.

இந்த ஆலையின் கொதிகலனையே அந்தக் காலத்தில் இருபது ஜோடி மாடுகள்தான் இழுத்து வந்தன. அவளுடைய அப்பா ஒரு ஜோடியை ஓட்டினார். லாரி வருவதற்கு அப்போது இங்கே சாலையே கிடையாது.

பத்தொன்பதாவது லாரி வாசலில் திரும்பும்போது பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி அச்சுவரை புதைந்தது. வழி அடைபட்டது.

சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு வந்தார். காலையில் "ஏய்" என்றவர் இப்போது "அம்மா" என்றார். அவளுடைய மாடுகள் வாட்டசாட்டமாக இருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் இழுத்துவிடக் கூடாதா என்றார்.

"சாணி நாறுதுன்னு காலையில விரட்டினீங்களே சார். இப்ப மணக்குதா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

இழுத்துவிட்டால் அடுத்து வண்டிகள்தான் உள்ளே போக வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார்.

லாரியில் பாதிக் கரும்பை இறக்கினார்கள். லாரியில் வடம் கட்டி, மூன்று ஜோடி மாடுகளை ஒன்றன் முன் ஒன்றாகப் பூட்டினார்கள். அவளுடைய ஜோடி முன்னால். டிரைவர் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதட்டினாள். கெஞ்சினாள். குளம்புகள் வழுக்கின. லாரி அசையவில்லை.

டிரைவர் நாக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறை.

அவளுடைய மாடுகள் காதை நிமிர்த்தின. தலையைத் தாழ்த்தி இழுத்தன. மற்றவையும் சேர்ந்து இழுத்தன. சக்கரம் மேலே ஏறியது.

எல்லோரும் கத்தினார்கள். அவளுக்கு மட்டும் முகம் கடுகடுத்தது.

வடத்தை அவிழ்த்து முடிக்கவில்லை. சூப்பர்வைசர் லாரிக்குக் கையைக் காட்டினார். அது போனதும் சாப்பாட்டு நேரம், கேட்டைச் சாத்த வேண்டும் என்றார். தலையாட்டியதே அவருக்கு நினைவில்லை.

 அவள் மாடுகளைத் திரும்ப வண்டியில் பூட்டினாள்.

லாரி உள்ளே போகவில்லை. பின்னால் நகர்ந்து, பதினோராவது வண்டிக்கும் பின்னால் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து சாவியை சூப்பர்வைசர் கையில் வைத்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சூப்பர்வைசர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், கேட்டின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே அவள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். இனி எப்படிச் சாத்துவது. பின்னாலேயே பத்து வண்டிகளும் நகர்ந்தன.

கரும்பை இறக்கிவிட்டு அவள் வெளியே வந்தபோது, துணிப்பையை மடியில் வைத்தபடி டிரைவர் சாக்கடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

வண்டி நின்றது. அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஏறிக்கொண்டார்.

புருஷனிடம் அவள் பேசவில்லை. மாடுகளிடம் பேசினாள்.

"உங்கள விக்கணும்னு சண்டை போட்டுட்டு வீட்ட விட்டுப் போன ஆளு இவருதான். மூணு மாசமா தவிடு வச்சது நான். இவரு நாக்கச் சொடுக்குனா மட்டும் அந்த இழுப்பு இழுக்கறீங்க."