மெதுவா போம்மா

"மெதுவா போம்மா. முன்னால வளைவு வருது."

"தெரியுதுப்பா," என்றாள் நவமணி. ஒரு மண்ணும் தெரியவில்லை.

மலேசியாவின் ஈப்போ நகரைத் தாண்டி, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்துப் பழைய பாதை அது. காலை எட்டு மணிதான். ஆனால் அவள் கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாக, அந்தி மாதிரி இருந்தது. சுண்ணாம்பு மலைகள் தரையில் கால் வைக்காமல் பனியில் மிதந்தன. பக்கத்து சீட்டிலிருந்து தேவன் பேசுவதுகூட எங்கோ தொலைவில் கேட்டது. வயதானால் உலகம் இத்தனை தூரம் தள்ளிப் போய்விடுமா? தூக்கத்தில் ஓட்டுவது போல இருந்தது. பயமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பேரங்காடித் தூணில் கார் உரசிய நாளிலிருந்து மூன்று வாரமாக வீட்டில் ஏட்டிக்குப் போட்டி. வயதான கை ஸ்டீயரிங்கைத் தொடலாமா, கூடாதா? இன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிடுவது, முடியாவிட்டால் காரை விற்றுவிடுவது என்று ஒருவழியாகப் பேசி முடித்திருந்தார்கள்.

காரில் புதிதாகப் பொருத்திய உதவிப் பெட்டியின் திரை கண் சிமிட்டியது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

"தடம் விலகல் கண்டறியப்பட்டது," என்றது பெட்டிக்குள்ளிருந்த குரல்.

"என்ன சொல்லுது அது?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? ரேடியோ செய்தி மாதிரி இருக்குலா!" தேவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குள் வளைவு வந்துவிட்டது. அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை, முழங்கை மடங்கவில்லை. கார் புல்லில் இறங்கி, வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"பின்னோக்கி நகரவும். பின்னோக்கி நகரவும்."

நவமணியின் விரல்கள் கியரைத் தேடித் தடுமாறின.

"கோஸ்தான்மா, கோஸ்தான்! அந்த ஒரு வார்த்தைய சொன்னா எல்லாருக்கும் புரிஞ்சிரும்லா!"

அவள் கோஸ்தான் போட்டாள். கார் முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்து பாதைக்கு ஏறியது. ஓரமாக நிறுத்தியதும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"முடியலப்பா. இந்த மாதிரி உடம்ப வச்சுக்கிட்டு எப்படி ஓட்டறது?"

"இதுக்குப் போயி அழுவாங்களா? குறை உடம்புல இல்லம்மா. அந்தப் பொட்டிக்குத்தான் பேசத் தெரியல."

வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. அவள் திரையில் ஊர்ந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தாள்.

"கார விக்க வேணாம்ப்பா," என்றாள் கடைசியில். "பொட்டியோட பேச்ச மாத்திருவோம். இப்ப நீங்க ஓட்டுங்க."

முதுமையை உணர்ந்து பார்க்க மாட்டியிருந்த மஞ்சள் கண்ணாடியை, காதடைப்பானை, கழுத்தையும் முழங்கையையும் இறுக்கியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், அந்தப் பெட்டிக்குப் பேச்சு எழுதிய இருபத்தொன்பது வயதுப் பொறியாளர் நவமணி. எழுபத்தேழு வயது அப்பா தேவன் வாயெல்லாம் பல்லாக, காரைச் சுற்றி வந்து ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார்.