இறுகப் பற்றும் டயர்

"இருக்கிறதுலேயே ரோட்டை இறுக்கிப் பிடிக்கிற டயர் எது, தவுக்கே? மகனுக்கு வேணும்" என்றார் ஹாஜி மொக்தார். கேட்கையில் அவர் இதழோரம் ஒரு புன்னகைகூட இருந்தது.

கிள்ளானில் டயர்க்கடை நடத்தும் முதலாளி தியோ, கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். "என்ன கார், பாக் ஹாஜி?"

"ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். தினம் வேலைக்கும் அதுலதான். எப்பவாவது ஞாயித்துக்கிழமை சிப்பாங் பந்தயத் திடல்ல ஓட்டுவான்."

"நல்லவேளை! நீங்கதான் ஓட்டப் போறீங்களோன்னு பயந்துட்டேன்." தம் பகடிக்குத் தாமே சிரித்த தியோ, இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார்.

ஒன்றில் ஆழ்ந்த பள்ளங்கள் நெருங்கி ஓடின. மற்றொன்றோ ஏறக்குறைய வழுவழுப்பாக, நகம் பட்டால் பதியுமளவு மென்மையாக இருந்தது. ஹாஜி அந்த இரண்டாவதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மறந்தார்.

அவர் சட்டைப்பையில் கைப்பேசி ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவருடைய மகன் ஃபக்ருல், இந்தக் கடையில் மாட்டிய இதே வகை டயரோடு திடலிலிருந்து திரும்புகையில், பெருமழையில் வழுக்கி, நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதி மாண்டுபோனவன். அவனில்லாமல் ஒரு நோன்புப் பெருநாளும் கழிந்துவிட்டது.

'எச்சரிக்காமல் விற்றேன்' என்பதை இந்த மனிதனின் வாயாலேயே வரவழைத்துவிட்டால் போதும். மற்றதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மகனின் சாவுக்கு ஒருவனைக் குற்றவாளியாக நிறுத்தினாலன்றித் தமக்கு உறக்கமில்லை என்று வந்திருந்தார் ஹாஜி.

"இதையே மாட்டிடுங்க" என்றார்.

"மாட்டலாம். ஆனா மழையில மட்டும் ரோட்டுல ஏறவே கூடாது, பாக் ஹாஜி. காஞ்ச தரையில இது பசை மாதிரி ஒட்டும். தேங்குன தண்ணியில ஏறுச்சுன்னா, தண்ணி வெளிய போக வழியில்ல. கார் படகாட்டம் மிதக்கும்."

ஹாஜியின் முகம் சுருங்கியது. அவர் கேட்க வந்த சொல் இதுவன்று.

"அப்ப சிப்பாங்குக்கு எப்படிப் போய் வர்றதாம்? பறந்தா?"

"காலையில மழை இருக்காது, இதுலேயே போயிடலாம். சாயங்காலம் கொட்டுமில்ல? அதுக்குத்தான் சாதா சக்கரம் நாலையும் கூடவே கொண்டு போறது. பின்சீட்டை மடிச்சா உள்ளே போயிடும். ஓட்டி முடிச்சதும் அங்கேயே மாத்திக்கிட்டு வீட்டுக்கு வரணும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க." தியோ சற்று நிறுத்தினார். "வீட்டுல சக்கரம் அடுக்கி வைக்க இடம் இருக்குல்ல?"

"என் வீட்டு வாசல்ல ஒரு காலி டின்கூடக் கிடக்காது, தவுக்கே. எந்தச் சுகாதார அதிகாரி வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது." சொல்கையில் அவர் குரலில் பழைய பெருமிதம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது.

பிறகு அது கசந்தது. "தாடி நரைச்சவன்னு எனக்கு இவ்வளவும் சொல்றீங்க. சின்னப் பசங்க வந்தா வாயைத் தொறப்பீங்களா? கல்லாவைத்தான் தொறப்பீங்க!"

தியோவின் முகத்திலிருந்த பகடி அணைந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. போன நோன்புக்கு முன்னால ஃபக்ருல்னு ஒரு பையன் வந்தான். தங்கமான பையன். இதே டயர்தான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கழட்டுன சாதா சக்கரம் நாலையும் நானே அவன் கார்ல ஏத்தி விட்டேன். 'ஞாயித்துக்கிழமை இதையும் தூக்கிட்டுப் போ, மாத்தாம ரோட்டுல ஏறாதே'ன்னேன். 'உங்க பொண்டாட்டியவிட அதிகமாப் புலம்புறீங்க, அங்கிள்'னு சிரிச்சுட்டுப் போனான். அந்த ஞாயித்துக்கிழமை மழையில… போயிட்டான்."

அந்தச் சிரிப்பை ஹாஜி அறிவார். கைப்பேசி மட்டும் சலனமின்றிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லியிருந்தீங்கன்னா, அவன் ஏன் மாத்தாம வந்தான்?"

"மாத்தறதுக்கு என்ன இருந்துச்சு அவன்கிட்ட?" தியோ வழுவழுத்த டயரைச் சுவரோரம் சாய்த்தார். அவர் ஹாஜியின் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்குக் காலையில போன் அடிச்சான். நான் ஈப்போவுல, மச்சினன் கல்யாணத்துல இருக்கேன், கடை பூட்டு. 'நாலு சக்கரம் இரவல் கிடைக்குமா, அங்கிள்'னான். அப்ப போகாதடான்னேன். 'பணம் கட்டியாச்சு, மழை வராது'ன்னுட்டான்."

"அவனோட சக்கரம்?" ஹாஜியின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "நீங்க ஏத்தி விட்டீங்களே, அது எங்கே போச்சு?"

"வாசல்ல இறக்கி வச்சிருந்தானாம். கொசு முட்டையிடும்னு அவங்கப்பா பழைய பேப்பர், இரும்பு வாங்குற லாரியில ஏத்தி அனுப்பிட்டாராம்."