பத்துக்கு இரண்டு

சாப்பாட்டு மேசையில் மகளின் மடிக்கணினி. காலை வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. ஆளுக்கொரு ஊரிலிருந்து அவள் குழு: ஐந்து முகங்கள், கேமராவை அணைத்து வைத்த ஒருவனின் கறுப்புக் கட்டம். வேலைப் பேச்சுக்கு முன் அவரவர் மனநிலைக்குப் பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும். தலைவியான அவள் வைத்த வழக்கம். அவள் "எட்டு" என்று தொடங்க, மற்ற முகங்களும் எட்டு என்கின்றன. கறுப்புக் கட்டம் தொண்டையைச் செருமுகிறது.

"அக்கா, தினமும் எட்டுன்னு புளுகிட்டிருந்தேன். ரெண்டுதான்."

மகள் திரையை நோக்கிக் குனிகிறாள்.

"தப்பு என்னுதுடா. நானே மூணை எட்டுன்னு சொன்னேன். உன் வேலைய நாங்க பங்கு போட்டுக்கறோம்."

"எனக்கும் நாலுதான்," என்கிறது இன்னொரு முகம்.

கறுப்புக் கட்டம் வெளிச்சமாகிறது: சவரம் செய்யாத கன்னம், லேசான சிரிப்பு. அவளுக்கான காபி என் கையில் ஆறுகிறது. கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கிய நாளில்கூட அப்பன் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.