கயிறு பிடித்தவன்

தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பவன் மனைவியின் அண்ணன்தான். கூடப்பிறந்தவள் தாலியை எவன் அறுப்பான்? பிரகாஷ் பிடித்தும் தங்கை புருஷன் மாதையன் விழுந்து செத்தான். கை நழுவியதா, விட்டானா என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. தங்கை நதியா மட்டும் கேட்கவில்லை. தூக்கம் தொலைத்த அண்ணனை ஜமுனாமரத்தூருக்கு மனநல வைத்தியத்துக்குக் கூட்டிவந்தாள்.

"அந்த நாள நெனச்சிக்கினே என் வெரலப் பாருங்க," என்று டாக்டரம்மா விரலை இடமும் வலமுமாக ஆட்டினார். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்றிருந்தது நதியாவுக்கு.

பிரகாஷின் கண்கள் விரலை விட்டுத் தரைக்கு இறங்கி, மெல்ல மேலேறின.

"இன்னாண்ணா பாக்குற?"

"மச்சான் ஏறி வர்றாரு."

அவன் வெறுங்கைகள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. நாற்காலி அவனோடு ஓரடி முன்னால் இழுபட்டது.

"விட்றாதண்ணா," என்றாள் நதியா.